ஓரிடம் எனும் கருத்து: பள்ளி வேதியியல் தமிழில் ஐசோடோப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழிப் பள்ளி வேதியியலில் அணு அமைப்புப் பாடத்தின் ஒரு பகுதியாக ஐசோடோப்புகள் கற்பிக்கப்படுகின்றன. ஒத்த அணு எண்ணும் வேறுபட்ட நிறை எண்ணும் உடைய அணுக்கள் எனும் வரையறையே அங்கு மையமாக அமைகிறது. அவ்வரையறை பிழையற்றது. ஆயினும், எந்த வினாவுக்கு விடையாக அக்கருத்து பிறந்ததோ அவ்வினாவை அது மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டில் வழங்கும் ஐசோடோப்பு, இலங்கையில் வழங்கும் சமதானி, தமிழ்நாட்டு அறிஞர் சிலர் ஆளும் ஓரிடத்தான் ஆகிய சொற்களை ஒப்பிட்டு, சொல்லிலும் பாட வைப்புமுறையிலும் 'இடம்' எனும் கருத்து இழக்கப்படுவதையும், அவ்விழப்பு தொல்லியல் காலக்கணிப்பைக் கையாளும் தமிழாய்வு வரை நீள்வதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்

அணு அமைப்பு, ஐசோடோப்பு, சமதானி, ஓரிடத்தான், கலைச்சொல், பாடநூல் திறனாய்வு, கார்பன்-14.

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டுள்ளன. மணவை முஸ்தபா, இராதா செல்லப்பன், இராம. சுந்தரம் முதலியோர் இத்துறையில் விரிவாகப் பணியாற்றியுள்ளனர். மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா எனும் விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால், ஒரு சொல் பாடநூலில் எந்த இடத்தில், எந்தக் கருத்துகளுக்குப் பின், எவ்வகை விளக்கத்துடன் அறிமுகமாகிறது என்பதைச் சொல்லாய்வுடன் சேர்த்து நோக்கும் ஆய்வுகள் குறைவு. நல்ல சொல்லும் தவறான இடத்தில் அறிமுகமானால் பயன் தராது; அயற்சொல்லும் உரிய விளக்கம் பெற்றால் கருத்தைத் தாங்கி நிற்கும்.

இந்நோக்கில் ஐசோடோப்பு எனும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூலும், 2019ஆம் ஆண்டு வந்த பத்தாம் வகுப்புப் பாடநூலும் முதன்மைத் தரவுகளாக அமைகின்றன. இலங்கைத் தமிழ்மொழிப் பாடநூல்களின் கலைச்சொற்கள் ஒப்பீட்டுக்காகக் கொள்ளப்படுகின்றன. பாடநூல் ஆசிரியர்களைக் குறைகூறுவது இதன் நோக்கமன்று. ஒரு கருத்தின் வரலாற்றுக்கும் அது கற்பிக்கப்படும் முறைக்கும் இடையிலான இடைவெளியை அளப்பதே நோக்கமாகும்.

சொல் பிறந்த சூழல்

ஐசோடோப்பு எனும் சொல் 1913ஆம் ஆண்டு டிசம்பரில் நேச்சர் இதழில் பிரெடரிக் சாடி எழுதிய குறிப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. அப்போது அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மருத்துவரும் புதின ஆசிரியருமான மார்கரெட் டாட் இச்சொல்லை அவருக்குப் பரிந்துரைத்தார். கிரேக்க மொழியில் 'ஐசோஸ்' என்பது சமம், 'டோபோஸ்' என்பது இடம். தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தைப் பெறுபவை என்பது சொற்பொருள்.

இச்சொல் தேவைப்பட்டதன் காரணம் கருதத்தக்கது. யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவை ஆராய்ந்தோர், ஒன்றன்பின் ஒன்றாக முப்பதுக்கும் மேற்பட்ட புதிய 'தனிமங்களை' அறிவித்து வந்தனர். ஆனால், அட்டவணையில் அவற்றுக்கு அத்தனை வெற்றிடங்கள் இல்லை. மேலும், அவற்றுள் பலவற்றை வேதிமுறையால் பிரிக்கவே இயலவில்லை. அயோனியம் எனப் பெயரிடப்பட்டதைத் தோரியத்திலிருந்தும், ரேடியம்-டி எனப்பட்டதை ஈயத்திலிருந்தும் பிரிக்க முயன்றோர் தோல்வியுற்றனர். நிறை வேறு, கதிரியக்க இயல்பு வேறு, வேதி இயல்போ ஒன்று. இவை வெவ்வேறு தனிமங்களா, ஒரே தனிமமா? ஒரு தனிமத்தை அத்தனிமமாக ஆக்குவது எது? இதுவே சாடி எதிர்கொண்ட வினா.

நிறையன்று, இடமே தனிமத்தின் அடையாளம் என்பது அவர் தந்த விடை. ஆல்பாத் துகளை உமிழும் அணு அட்டவணையில் இரண்டு இடங்கள் பின்னோக்கியும், பீட்டாத் துகளை உமிழும் அணு ஓரிடம் முன்னோக்கியும் நகரும் எனும் இடப்பெயர்ச்சி விதியும் அதே 1913ஆம் ஆண்டில் சாடி, பஜான்ஸ் ஆகியோரால் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வுகளின் வழியாக, அட்டவணையின் வரிசை எண் வெறும் வரிசை எண்ணன்று, அணுக்கருவின் மின்னூட்டத்தைக் காட்டும் எண் என்று நிலைநாட்டினார். இன்று நாம் அணு எண் என்று வழங்குவது முதலில் இட எண்ணாகவே இருந்தது.

இங்குக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புரோட்டான் எனும் பெயரை ரூதர்போர்டு வழங்கியது 1920இல். சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது 1932இல். ஆகவே, ஐசோடோப்பு எனும் கருத்து நியூட்ரானுக்கு 19 ஆண்டுகள் மூத்தது. நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபடுபவை எனும் இன்றைய விளக்கம் பிற்காலத்துக் காரணவிளக்கமாகும். வகுப்பறையில் அக்காரணமே வரையறையாக நிற்கிறது. எந்தப் புதிருக்கு அது காரணமாயிற்றோ அந்தப் புதிர் காணப்படவில்லை.

இலங்கைத் தோரைட்டும் ஈயத்தின் நிறையும்

சாடியின் கருத்து ஏற்கப்படுவதற்குச் சான்று தேவைப்பட்டது. யுரேனியச் சிதைவுத் தொடரின் இறுதியில் விளையும் ஈயமும், தோரியச் சிதைவுத் தொடரின் இறுதியில் விளையும் ஈயமும் நிறையில் வேறுபட வேண்டும் என்பது அவரது கணிப்பு. அதனைச் சோதிக்க யுரேனியம் குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உடைய கனிமம் வேண்டும். அக்கனிமம் இலங்கையிலிருந்து கிடைத்த தோரைட்டு. சாடியும் ஹைமனும் அதிலிருந்து பிரித்த ஈயத்தின் அணு நிறையை 1914இல் ஏறத்தாழ 208.4 என வெளியிட்டனர். மிகுந்த அளவு கனிமத்தைக் கொண்டு பின்னர்ச் செய்த அளவீடுகள் அதனை 207.7 அளவுக்குத் திருத்தின. இயல்பான ஈயத்தின் மதிப்பு 207.2. அதே 1914இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களில் உள்ள ஈயத்தின் நிறை 207க்கும் குறைவு எனக் காட்டினார்.

ஈயம் எனும் ஒரே தனிமம், தான் பிறந்த கனிமத்துக்கேற்ப வேறுபட்ட நிறை பெறுகிறது. ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் ஒரே நிறை உடையவை எனும் டால்டனின் கொள்கை இத்துடன் முடிவுக்கு வந்தது. யுரேனியம்-238 இறுதியில் ஈயம்-206 ஆகிறது. தோரியம்-232 ஈயம்-208 ஆகிறது எனும் இன்றைய அறிவு இவ்வளவீடுகளை எளிதில் விளக்கும்.

தமிழ் வழங்கும் மண்ணிலிருந்து சென்ற கனிமம் ஐசோடோப்புக் கருத்தின் முதற்சான்றுகளுள் ஒன்றாயிற்று என்பது பெருமிதத்துக்குரிய செய்தி என்பதைவிடக் கற்பித்தலுக்குரிய செய்தி என்பதே பொருந்தும். நியூட்ரான் எதையும் எண்ணாமல், தராசின் துணையால் மட்டுமே ஐசோடோப்பு மெய்ப்பிக்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது. வரையறையை மட்டும் அறிந்த மாணவர், இக்கருத்து எவ்வாறு அறியப்பட்டது என்று கேட்டால் விடை கூற இயலாது.

இரு கரைத் தமிழில் கலைச்சொற்கள்

தமிழில் வேதியியல் நூல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முன்னெடுத்த மொழிபெயர்ப்பு முயற்சியின் பயனாகக் 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. சேலத்தில் 1916இல் தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகம் தொடங்கப்பட்டது. இவற்றுக்குப் பின் கலைச்சொல் மரபு இரு கரைகளிலும் வெவ்வேறு வழியில் சென்றது. அணு அமைப்புப் பாடத்தில் அவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகியவை இலங்கையில் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன் என ஒலிமரபு தழுவி நிற்கின்றன. தனிமம் அங்கு மூலகம். இணைதிறன் அங்கு வலுவளவு. நிறை எண் அங்குத் திணிவெண்.

இவற்றுள் கடைசி இணை கவனத்துக்குரியது. தமிழ்நாட்டு இயற்பியலில் நிறை என்பது பொருளின் அளவையும், எடை என்பது அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசையையும் குறிக்கின்றன. இலங்கையிலோ முதலாவது திணிவு, இரண்டாவதே நிறை. ஒரே தமிழ்ச்சொல் இரு கரைகளில் இரு வேறு இயற்பியல் அளவுகளைக் குறிப்பதால், எழுத்து வேறுபாட்டைவிட இது ஆழமான இடர்ப்பாடாகும். ஒலிபெயர்ப்பு வேறுபாடு வாசகரைச் சற்றுத் தயங்கவைக்கும். பொருள் வேறுபாடோ தயங்காமலே பிழைபட வைக்கும்.

ஐசோடோப்புக்கு இலங்கையில் வழங்கும் சொல் சமதானி. 'சம' என்பதும், இடத்தைக் குறிக்கும் 'தானம்' என்பதும் சேர்ந்து இச்சொல் உருவானது. இலங்கைக் கணிதப் பாடநூல்களில் தசமதானம் எனும் ஆட்சி இருப்பதால், தானம் என்பது இடத்தைக் குறிக்கும் என்பது அங்குள்ள மாணவருக்குப் பழக்கமானது. ஆகவே, மூலச்சொல்லின் பொருளைச் சமதானி முழுமையாகப் பேணுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அவ்வாறன்று. தானம் என்றவுடன் அவர் கொடையை நினைப்பார். சொல்லின் பொருட்டெளிவு சொல்லுக்குள் மட்டும் இல்லை, அதைச் சூழ்ந்த பிற பாடங்களின் வழக்கிலும் உள்ளது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஓரிடத்தான் எனும் சொல் இரு கரையாருக்கும் விளங்கக்கூடியது. ஓரிடம் எனும் தொடர் வெளிப்படையானது. ஆயினும், 'ஆன்' ஈறு உயர்திணை ஆண்பாலை நினைவூட்டுவதும், 'ஓரிடத்தான்கள்' எனும் பன்மை இயல்பாக ஒலிக்காததும் அதன் குறைகள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஏற்றுள்ள ஐசோடோப்பு, உயர்கல்வியில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவருக்குத் தடையற்ற தொடர்ச்சியைத் தருகிறது. இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. எனவே, ஐசோடோப்பை நீக்கிவிட்டு வேறு சொல்லை வைக்க வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை.

வினா வேறிடத்தில் உள்ளது. ஒலிபெயர்ப்புச் சொல் தானாகப் பொருள் தராது. அதை ஆசிரியர் திறந்துகாட்ட வேண்டும். அதற்கான திறவுகோல் அதே பள்ளியின் புவியியல் வகுப்பிலேயே கிடைக்கிறது. அங்கு ஒரே வளியழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சம அழுத்தக்கோடு. ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைப்பது சம வெப்பக்கோடு. அதாவது, கிரேக்க முன்னொட்டு புவியியலில் 'சம' என்று மொழிபெயர்க்கப்பட்டு, வேதியியலில் 'ஐசோ' என்று ஒலிபெயர்க்கப்பட்டு நிற்கிறது. ஒரே மாணவர் இவ்விரு பாடங்களையும் பயில்கிறார். அவ்விரண்டையும் இணைக்கும் ஒரு வரி போதும். ஐசோடோப்பு சம இடம், ஐசோபார் சம நிறை என்பது அவருக்கு விளங்கிவிடும். இணைக்காதவரை, ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோடோன் ஆகிய மூன்றும் தேர்வுக்காக மனனம் செய்து தேர்வறையில் இடம்மாற்றி எழுதும் மூன்று ஒலிக்கோவைகளாகவே எஞ்சும்.

பாட வைப்புமுறை

ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் அணு அமைப்பு எனும் பாடம் ரூதர்போர்டின் தங்கத்தகடு ஆய்வு, போரின் அணு மாதிரி, நியூட்ரான் கண்டுபிடிப்பு, அணு எண், நிறை எண், எலக்ட்ரான் பகிர்வு, இணைதிறன் எனச் செல்கிறது. அதே பாடத்தில் ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோடோன் ஆகியன இடம்பெறுகின்றன. தனிமங்களின் வகைப்பாடு குறித்த பாடம் இதற்கு அடுத்தே வருகிறது.

இவ்வரிசையில் ஒரு முரண் உள்ளது. அட்டவணையில் ஒரே இடம் பெறுபவை எனும் பெயரைத் தாங்கிய கருத்து, அட்டவணையே அறிமுகமாகாத நிலையில் கற்பிக்கப்படுகிறது. இடம் என்பது எதில் உள்ள இடம் என்று மாணவர் கேட்டால், அடுத்த பாடம் வரை காத்திருக்க வேண்டும். பின் அட்டவணைப் பாடத்தில், தனிமங்களின் பண்புகள் அணு எண்ணைச் சார்ந்தவை எனும் நவீன ஆவர்த்தன விதி வருகிறது. அணு நிறையை விட்டு அணு எண்ணை ஏன் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் எனும் வினாவுக்கு ஐசோடோப்பே சிறந்த விடை. ஆனால் அது முந்தைய பாடத்தோடு முடிந்துவிட்டது. ஒன்றையொன்று விளக்க வேண்டிய இரு கருத்துகள் அடுத்தடுத்த பாடங்களில் இருந்தும் சந்திப்பதில்லை.

அவை சந்திக்கும் இடம் ஒன்றைச் சுட்டலாம். ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. நிறை வரிசைப்படி பொட்டாசியம் முன்னும் ஆர்கான் பின்னும் வர வேண்டும். அவ்வாறு வைத்தால் வினைபுரியாத ஆர்கான், நீரில் தீப்பற்றும் சோடியத்தின் குடும்பத்தில் சேர்ந்துவிடும். இம்முரண் ஏன் எழுகிறது? புவியில் உள்ள ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. பொட்டாசியத்தில் 93 விழுக்காட்டுக்கு மேல் பொட்டாசியம்-39. ஆர்கான் 18 புரோட்டான்களும், அதன் பெரும்பான்மை ஐசோடோப்பில் 22 நியூட்ரான்களும் கொண்டது. பொட்டாசியம் 19 புரோட்டான்களும், பெரும்பான்மை ஐசோடோப்பில் 20 நியூட்ரான்களும் கொண்டது. இடத்தைத் தீர்மானிப்பது முதல் எண். நிறையைக் கூட்டுவது இரண்டாம் எண். இவ்வொரு சான்றில் அணு எண், நிறை எண், ஐசோடோப்பு, ஆவர்த்தன விதி ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அட்டவணைப் பாடத்தின் முடிவில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கினால், இரு பாடங்களும் ஒரு வாதமாக இணையும்.

பத்தாம் வகுப்புப் பாடநூல் இவ்வகையில் ஒருபடி முன்னேறியுள்ளது. அணுக்களும் மூலக்கூறுகளும் எனும் பாடத்தில், டால்டனின் கொள்கைக்கு நேர்ந்த திருத்தங்களுள் ஒன்றாக ஐசோடோப்பு இடம்பெறுகிறது. ஒரு கொள்கையை மறுக்கும் சான்றாக அக்கருத்து அங்கு வருவதால், அதற்கு ஒரு பணி கிடைத்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே இவ்வணுகுமுறை தொடங்கியிருக்கலாம்.

35.5 எனும் இடர்ப்பாடு

குளோரினின் அணு எண் 17. அணு நிறை 35.5. நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை கிடைக்கும் என்று கற்ற மாணவர், 35.5இலிருந்து 17ஐக் கழித்து 18.5 என விடை பெறுவார். அரை நியூட்ரான் என்பது இல்லை. இப்பிழைக்கு வழிவகுப்பது கணக்கில் உள்ள குறையன்று, பெயரில் உள்ள நெருக்கமே. நிறை எண் என்பது எண்ணிப் பெறுவது. அது முழு எண். அதற்கு அலகு இல்லை. அணு நிறை என்பது அளந்து பெறுவது. அட்டவணையில் தரப்படுவதோ சராசரி. எண்ணுதலும் அளத்தலும் 'நிறை' எனும் ஒரே சொல்லின்கீழ் வருவதால் வேறுபாடு மறைகிறது. இலங்கையின் திணிவெண்ணும் இக்குறையிலிருந்து விடுபடவில்லை.

இயற்கைக் குளோரினில் குளோரின்-35 ஏறத்தாழ 76 விழுக்காடும், குளோரின்-37 ஏறத்தாழ 24 விழுக்காடும் உள்ளன. தோராயமாக நான்கு அணுக்களில் மூன்று இலகுவானவை, ஒன்று கனமானது. மூன்று 35களையும் ஒரு 37ஐயும் கூட்டினால் 142. அதை நான்கால் வகுத்தால் 35.5. எந்தக் குளோரின் அணுவும் 35.5 நிறை உடையதன்று. ஒரு தெருவில் வீட்டுக்குச் சராசரியாக நான்கரைப் பேர் வாழ்கின்றனர் என்றால், எந்த வீட்டிலும் அரை மனிதர் இல்லை என்பதைப் போன்றதே இது. சராசரி அணு நிறைக் கணக்கீடு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. அதற்கு முன்னரே 35.5 எனும் எண் அட்டவணைகளின் வழியாக மாணவரை அடைந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அவ்வெண்ணை அவர் விளக்கமின்றி ஏற்கிறார். அல்லது 35 என்றோ 36 என்றோ முழுமையாக்கப் பழகுகிறார். முழுமையாக்கும் அப்பழக்கம், ஐசோடோப்பு இருப்பதற்கான சான்றையே அழித்துவிடுகிறது. தசமப் பகுதியே அங்குப் பேசும் பகுதி.

இதற்குப் புதிய கலைச்சொல் தேவையில்லை. நிறை எண் அறிமுகமாகும் இடத்தில், 'உட்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கை' எனும் விளக்கத்தை முன்னிறுத்தி, அணு நிறையிலிருந்து அதை வேறுபடுத்திக் காட்டினால் போதும்.

ஒத்த வேதிப்பண்பு எனும் விதி

ஐசோடோப்புகளின் வேதிப்பண்புகள் ஒத்தவை, இயற்பியல் பண்புகள் வேறுபட்டவை என்பது பள்ளி வேதியியலில் நிலைபெற்ற விதி. எலக்ட்ரான் அமைப்பே வேதிப்பண்பைத் தீர்மானிப்பதால் இவ்விதி பெரும்பாலும் பொருந்தும். ஆயினும், பாடநூல்கள் முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஹைட்ரஜனிலேயே இதன் எல்லை வெளிப்படுகிறது. டியூட்டிரியம் புரோட்டியத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நிறை உடையது. கனநீர் 3.8 பாகை செல்சியசில் உறைகிறது, 101.4 பாகையில் கொதிக்கிறது. வேதிவினைகளின் வேகத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. கனமான அணுவுடன் அமையும் பிணைப்பு எளிதில் முறிவதில்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தூத்துக்குடியில் 1978இல் இயக்கத்துக்கு வந்த கனநீர் ஆலை, அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே டியூட்டிரியம் பரிமாறிக்கொள்ளும் வினையை அடிப்படையாகக் கொண்டது. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது கனநீர். இரு ஐசோடோப்புகளும் வேதியியலில் முற்றிலும் ஒத்தவையாயின் அவ்வாலையின் வினை பயன் தராது. ஆகவே, 'ஒத்தவை' எனும் விதியை 'பெரிதும் ஒத்தவை' என்று திருத்தி, ஹைட்ரஜனில் வேறுபாடு ஏன் மிகுகிறது என்பதை ஒரு வரியில் கூறுவது தகும். ஈயம்-206க்கும் ஈயம்-208க்கும் நிறை வேறுபாடு நூற்றில் ஒரு பங்களவே. புரோட்டியத்துக்கும் டியூட்டிரியத்துக்கும் அது நூறு விழுக்காடு. விதியின் வலிமையும் எல்லையும் இவ்வொப்பீட்டிலேயே விளங்கும்.

தமிழாய்வும் கார்பன்-14உம்

பள்ளி வேதியியலில் நேரும் இவ்விழப்பு பள்ளியோடு நிற்பதில்லை. தமிழக வரலாற்றாய்வின் இன்றைய முதன்மைச் சான்றுகள் பல ஐசோடோப்பைச் சார்ந்தவை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமப் பொருளின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என 2021இலும், மயிலாடும்பாறையின் இரும்புக்காலம் கி.மு. 2172 என 2022இலும் அறிவிக்கப்பட்டன. சங்க இலக்கியக் காலம் குறித்த கட்டுரைகள் இவ்வெண்களை மேற்கோள் காட்டுகின்றன. அவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை விளக்குபவை சிலவே.

அவ்விளக்கத்துக்குத் தேவையான அனைத்தும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே உள்ளன. வளிமண்டலத்தில் நைட்ரஜன்-14 ஒரு நியூட்ரானை ஏற்று ஒரு புரோட்டானை வெளியேற்றும்போது கார்பன்-14 ஆகிறது. நிறை எண் மாறவில்லை. இடம் ஒன்று பின்னோக்கி நகர்ந்தது. ஆறாம் இடத்துக்கு வந்துவிட்டதால், அது கார்பனாகவே நடந்துகொள்கிறது, ஆக்சிஜனுடன் சேர்கிறது, தாவரத்துக்குள் புகுகிறது. இடமே இயல்பைத் தீர்மானிக்கிறது எனும் சாடியின் கருத்து இல்லையேல், நெற்பயிருக்குள் கார்பன்-14 எவ்வாறு சென்றது என்பதை விளக்க இயலாது. பயிர் மடிந்தபின் உள்வரவு நிற்கிறது. 5730 ஆண்டுகளில் பாதி அணுக்கள் பீட்டாத் துகளை உமிழ்ந்து, ஓரிடம் முன்னோக்கி நகர்ந்து, மீண்டும் நைட்ரஜன்-14 ஆகின்றன. 2600 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 73 விழுக்காடு எஞ்சும்.

கார்பன்-14உம் நைட்ரஜன்-14உம் ஐசோபார்கள். பாடநூலில் வெறும் வரையறையாக நிற்கும் இவ்வுறவு, ஆய்வகத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலாகிறது. ஏறத்தாழ இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று எனும் அளவிலேயே இருக்கும் கார்பன்-14ஐ, எங்கும் நிறைந்த, அதே நிறை எண் உடைய நைட்ரஜனிலிருந்து பிரித்தறிய வேண்டும். முடுக்கி நிறைமாலை முறையில், நைட்ரஜன் நிலையான எதிர்மின் அயனியைத் தருவதில்லை எனும் வேதியியல் வேறுபாடே இதற்குத் துணையாகிறது. நிறையால் பிரிக்க முடியாததை இடத்தின் இயல்பு பிரித்துத் தருகிறது.

இவ்வடிப்படையை அறிந்த ஆய்வாளர் வேறு வகை வினாக்களை எழுப்புவார். அளக்கப்பட்டது கரியா, உமியா? மரக்கரியாயின், அக்காலம் மரத்தின் அப்பகுதி வளர்ந்த காலத்தைக் குறிக்கும். அது எரிக்கப்பட்ட காலம் பிந்தியதாக இருக்கலாம். ஓராண்டுப் பயிரின் உமியில் இவ்விடைவெளி பெரிதும் குறைகிறது. இரும்புக் கருவியின் காலம் எனப்படுவது பெரும்பாலும் அதனுடன் கிடைத்த கரிமப் பொருளின் காலமே. வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால், அளவீட்டைத் திருத்த வளைகோட்டுடன் ஒப்பிட்டே ஆண்டாக மாற்ற வேண்டும். விடையும் ஒற்றை ஆண்டாக அன்றி ஒரு கால எல்லையாகவே அமையும். இவ்வினாக்கள் தொல்லியல் சான்றுகளை வலுவிழக்கச் செய்பவை அல்ல. எதிர்ப்பாளரின் ஐயத்துக்கு முன்கூட்டியே விடையளித்து, அச்சான்றுகளை உறுதிப்படுத்துபவை. ஆண்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரை அவ்வுறுதியைப் பெற இயலாது.

முடிவுரை

ஐசோடோப்பு குறித்த பள்ளிப் பாடத்தில் உள்ள குறை, பிழையான தகவலால் ஏற்பட்டதன்று. ஒரு தனிமத்தின் அடையாளம் எது எனும் வினாவிலிருந்து அதன் விடை பிரிக்கப்பட்டதால் ஏற்பட்டது. சமதானியும் ஓரிடத்தானும் அவ்வினாவைத் தம் சொல்லமைப்பில் தாங்கியுள்ளன, ஐசோடோப்பு தாங்கவில்லை. ஆயினும் தீர்வு சொல்மாற்றத்தில் மட்டும் இல்லை. சமதானி என்று பயின்ற மாணவருக்கும் 'எதில் உள்ள தானம்' என்பது விளக்கப்படாவிடின் பயனில்லை.

இவ்வாய்விலிருந்து நான்கு பரிந்துரைகள் பெறப்படுகின்றன. ஐசோடோப்பு எனும் சொல் முதன்முறை வரும் இடத்தில், சம இடம் எனும் பொருளும் சமதானி, ஓரிடத்தான் ஆகிய இணைச்சொற்களும் தரப்பட வேண்டும். தனிம அட்டவணைப் பாடத்தின் முடிவில் ஆர்கான், பொட்டாசியம் முரணின் வழியாக ஐசோடோப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும். 35.5 அறிமுகமாகும் வகுப்பிலேயே அதன் சராசரித் தன்மை எளிய கணக்கால் விளக்கப்பட வேண்டும். ஐசோபார் எனும் கருத்து, கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆகும் நிகழ்வின் வழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். இவை நான்கும் பாடச்சுமையைக் கூட்டுபவை அல்ல. ஏற்கெனவே உள்ளவற்றை இணைப்பவை.

கீழடியின் கரித்துண்டையும் சிவகளையின் உமியையும் பற்றி எழுதப்போகும் நாளைய தமிழாய்வாளர்களுள் பலர் இன்று ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியில் பயில்வோர். பள்ளிக்குப் பின் அவர்களுட் பலர் வேதியியலை மீண்டும் தொடப்போவதில்லை. தாம் பயன்படுத்தப்போகும் சான்றின் அடிப்படையை அவர்கள் கற்கும் வாய்ப்பு அவ்வொரு பாடத்திலேயே அமைகிறது.